சினாடும் செங்கல்பட்டு நிலமும்

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் வருவது சுங்குவார்சத்திரம். அங்கிருந்து வடக்கே பிரியும் சாலை மப்பேடு வழியாகத் திருவள்ளூர்ப் பக்கம் போகிறது. தெற்கே பிரிவது வாலாஜாபாத்துக்கு. நெடுஞ்சாலையிலேயே மேற்கே சென்றால் காஞ்சிபுரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தத் திசைகளை இரண்டு புராட்டஸ்டன்ட் மிஷன்கள் தமக்குள் பங்கிட்டுக்கொண்டிருந்தன. திருவள்ளூரும் அதையடுத்த ஈக்காடும் வெஸ்லியன் மெதடிஸ்டுகளின் களம். காஞ்சிபுரம், வாலாஜாபாத், செங்கல்பட்டு ஆகியவை ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் களம். இரு மிஷன்களின் சபைகளும் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயத்துக்குள் ஒன்றாக இருக்கின்றன.

இக்கட்டுரை மெதடிஸ்டுகளின் ஆளுகை மன்றத்தைப் பற்றியது. ‘சினாடு’ என்று அவர்கள் அழைத்த அந்தக் கூட்டம் ஆண்டுதோறும் கூடி என்ன செய்தது, எதைச் செய்யத் தவறியது, பிறகு தன்னையே கலைத்துக்கொள்ள எப்படி முன்வந்தது என்பதை இந்த நிலப்பகுதியை வைத்துப் பார்க்கலாம். சபை வரலாறுகளில் பெரும்பாலும் மிஷனரிகளின் வாழ்க்கையும் ஆலயங்களின் வளர்ச்சியும்தான் கிடைக்கின்றன. மன்றங்களின் வேலை குறிப்பேடுகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் ஒரு கிராமத்துச் சபைக்குப் போதகர் வருவாரா, பள்ளிக்கூடம் நீடிக்குமா, ஒரு புகார் அரசின் காதை எட்டுமா என்பவை தீர்மானமானது அந்தக் கூட்டங்களில்தான். அப்படியொரு மன்றத்தை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: யாருடைய வழக்கு அதன் மேசைக்கு வந்துசேர்ந்தது?

மெதடிஸ்ட் இயக்கம் தொடக்கத்தில் ஒரு சபையாக உருவானதல்ல. இங்கிலாந்துத் திருச்சபையின் குருவான ஜான் வெஸ்லி 1739இல் பிரிஸ்டல் நகருக்கு வெளியே கிங்ஸ்வுட் என்ற இடத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களுக்குத் திறந்தவெளியில் பிரசங்கித்தார். அந்தத் தொழிலாளர்களைத் தன்னவர்களாக ஏற்று வைத்துக்கொள்ள எந்தப் பங்குக் கோவிலும் இல்லை. 1742இல் பிரிஸ்டல் கூட்ட மண்டபத்தின் கடனை அடைக்க ஒரு வழி சொல்லப்பட்டது. பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர். அவர் வாரந்தோறும் ஒவ்வொருவரையும் பார்த்து ஒரு பென்னி வாங்க வேண்டும். காசு வாங்கப் போன தலைவர்கள் வீட்டு நிலைமையையும் பார்த்தார்கள். குடிப்பவர், கடன்பட்டவர், நோயாளி, வேலை இழந்தவர் எல்லாரும் அவர்கள் கண்ணில் பட்டார்கள். கடனுக்காகத் தொடங்கிய ஏற்பாடு ‘வகுப்பு’ என்ற பெயரில் மெதடிஸ்ட் வாழ்வின் அடிப்படை அலகானது. நம் சபைகளில் பெண்கள் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் பிடி அரிசி எடுத்துவைத்துச் சேர்க்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு, சிறு காணிக்கை எவ்வளவு பெரிய உறவை நெய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த அடித்தளத்தின்மேல் கூட்டங்கள் அடுக்கடுக்காக எழுந்தன. வகுப்புத் தலைவர்களின் கூட்டம், பல சபைகள் சேர்ந்த சர்க்யூட்டின் காலாண்டுக் கூட்டம், மாவட்டக் கூட்டம், எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டு மாநாடு. முதல் மாநாட்டை வெஸ்லி 1744இல் லண்டனில் கூட்டினார். பின்னாளில் மாவட்டக் கூட்டத்துக்குத்தான் சினாடு என்ற பெயர் நிலைத்தது. ஒவ்வோர் ஆண்டும் அதே கேள்விகள் கேட்கப்படும். உறுப்பினர் எத்தனை பேர்? கூடினார்களா, குறைந்தார்களா? ஏன்? புதிதாகப் போதகப் பயிற்சிக்கு வருபவர் யார்? ஒவ்வொரு போதகரின் பெயரையும் வாசித்து, அவர் நடத்தையைப் பற்றி யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். வயதான போதகரும் நேற்று வந்த இளைஞரும் அந்தக் கேள்விக்கு உட்பட்டவர்களே. கடைசியாக யார் எந்த ஊருக்கு என்ற நியமனப் பட்டியல் வாசிக்கப்படும். ஒரே ஊரில் வேர்விட்டு உட்கார்ந்துவிடாதபடி போதகர்களை மாற்றிக்கொண்டே இருப்பது மெதடிஸ்ட் ஒழுங்கின் உயிர்நாடி.

பெரும் குறை ஒன்றும் இருந்தது. உச்ச மன்றத்தில் நெடுங்காலம் போதகர்கள் மட்டுமே அமர்ந்தார்கள். பென்னியைக் கொடுத்தவர்கள் அதை எப்படிச் செலவழிப்பது என்று சொல்ல இடமில்லை. வெஸ்லியன் மாநாட்டில் பொதுமக்களின் பிரதிநிதிகள் அமர்ந்தது 1878இல்தான்.

தமிழ் நிலத்துக்கு இந்த ஒழுங்கு இலங்கை வழியாக வந்தது. மிஷனரிக் குழுவை அழைத்துவந்த தாமஸ் கோக் 1814 மே மாதம் கப்பலிலேயே இறந்தார். மற்றவர்கள் ஜூன் இறுதியில் காலியில் கரையிறங்கினார்கள். அவர்களில் ஜேம்ஸ் லிஞ்ச் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கி, 1817இல் சென்னைக்கு வந்தார். இராயப்பேட்டையில் 1819இல் வழிபாட்டு மண்டபம் எழுந்தது. யாழ்ப்பாண வெஸ்லியன் பள்ளியில்தான் ஆறுமுக நாவலர் படித்தார்; மிஷனரி பீட்டர் பெர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்ததும் அங்கேதான். நகர, கல்வி மரபு அப்போதே வேரூன்றிவிட்டது. நல்ல ஆங்கிலப் பள்ளிகளை நடத்தினால் மேல்சாதி இந்துக்கள் மெல்லக் கிறிஸ்துவை நோக்கி வருவார்கள், அவர்கள் வந்தால் மற்றவர்களும் வருவார்கள் என்ற எண்ணம் பல மிஷன்களில் ஓங்கியிருந்தது. நெடுநாள் எதிர்பார்த்தும் அது நடக்கவில்லை.

1876–78 பஞ்சத்துக்குப் பிறகு நடந்தது வேறு. சென்னை மாகாணத்துக் கிராமச் சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக, சில இடங்களில் தெருத் தெருவாக, மக்கள் மிஷன்களைத் தேடி வந்தார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் பறையர் சமூகத்தைச் சேர்ந்த பண்ணைத் தொழிலாளர்கள். பஞ்சத்தில் கஞ்சி கிடைத்ததால் வந்தார்கள் என்று அன்றே ஏளனம் செய்தவர்கள் உண்டு. அந்த ஏளனத்தை நான் ஏற்கவில்லை. பசியிலிருப்பவன் தனக்கு நியாயம் கிடைக்கும் இடத்தைத் தேடுவதும் ஆன்மிகத் தேடல்தான்.

இந்தத் திருப்பத்தை வெஸ்லியன் மன்றங்களுக்குள் வழக்காக்கியவர்களில் வில்லியம் கௌடி முக்கியமானவர். ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள ஷெட்லாந்து தீவுகளைச் சேர்ந்த அவர் 1880களில் வந்து திருவள்ளூர்–ஈக்காடு பகுதியில் பணிசெய்தார். அவரோடு சிறிது காலம் அதே களத்தில் இருந்தவர் ஹென்றி லன் என்ற இளம் மருத்துவர். 1887இல் வந்த லன் உடல்நலம் கெட்டு அடுத்த ஆண்டே திரும்பினார். 1889இல் லண்டனில் ‘மெதடிஸ்ட் டைம்ஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரைகள் பெரும் புயலைக் கிளப்பின. மிஷனரிகள் ஆளும் வர்க்கத்தாரைப் போல் வாழ்கிறார்கள், ஏழைகளிடமிருந்து விலகி நிற்கிறார்கள், உயர்கல்விக்குச் செலவிடும் பணம் கிராமத்து ஏழைகளிடம் போக வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

இந்தியாவிலிருந்த வெஸ்லியன் மிஷனரிகள் கொதித்தெழுந்தார்கள். தங்கள் சம்பளமும் வாழ்க்கையும் கேவலப்படுத்தப்பட்டதாக ஆட்சேபித்தார்கள். இங்கிலாந்தில் விசாரணைக் குழு அமைந்தது. 1890இல் முடிவு மிஷனரிகளுக்குச் சாதகமாக வந்தது. லன் பின்னர் போதகப் பணியை விட்டு, சுற்றுலாத் தொழிலில் பெயர் பெற்றார். இந்த விவாதம் முழுக்க மிஷனரிகளின் மானத்தைச் சுற்றியே சுழன்றது என்பதுதான் என் மனதை உறுத்துகிறது. யாருக்காகப் பணம் போக வேண்டும் என்று லன் கேட்டாரோ அந்த ஈக்காட்டுப் பக்கத்துப் பண்ணையாட்கள் விசாரணையில் சாட்சிகளாகக்கூட இல்லை. அவர்களின் சார்பாகவும் எதிராகவும் பேசியவர்கள் எல்லாருமே ஆங்கிலேயர்கள், ஸ்காட்டியர்கள்.

ஆனாலும் அந்தச் சண்டை வீணாகவில்லை. கிராமத்து ஏழைகளிடம் போவதா வேண்டாமா என்ற கேள்வியை இனி யாராலும் மூடிவைக்க முடியவில்லை. கௌடி அதை மிஷன் இதழ்களில் எழுதி, கூட்டங்களில் பேசி நிலைநிறுத்தினார். தெற்கே ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ அதே திசையில் இன்னும் பிடிவாதமாகப் போனார். மிஷனில் சேர்ந்த குடும்பங்களுக்கு ஞானஸ்நானத்துக்கு மறுநாளே என்ன நேர்கிறது என்பதை இருவரும் கண்ணால் பார்த்தவர்கள்.

என்ன நேர்ந்தது என்று புரிய, செங்கல்பட்டு ஜில்லாவின் மிராசு முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஊர் நிலத்தின் மீதான பரம்பரை உரிமை மிராசுதார்களிடம் இருந்தது. தரிசு நிலத்தைச் சாகுபடிக்குக் கேட்டு யாரும் அரசுக்குத் தரகாஸ்து மனு கொடுக்கலாம் என்று சட்டம் சொன்னது. ஆனால் அதே ஊர் மிராசுதார் கேட்டால் முன்னுரிமை அவருக்கே. சேரி அமைந்திருந்த மனையும் தன்னுடையது என்று மிராசுதார் சொல்லிக்கொள்வார். ஆகவே ஒரு படியாள் தரகாஸ்து மனு எழுதிக் கொடுத்த அன்றே அவன் குடியிருக்கும் குடிசை ஆட்டம் காணும். வேலை நிற்கும், கடனைக் கேட்பார்கள், அடியும் விழும். தந்தை வாங்கிய கடனுக்கு மகன் உழைத்தான். 1843ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறைக்குச் சட்ட ஆதரவை நீக்கியிருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் அதைக் குற்றமாகவும் ஆக்கியிருந்தது. செங்கல்பட்டு வயல்களில் அந்தச் சட்டங்கள் இறங்கவே இல்லை.

1891இல் பல சபைகளின் மிஷனரிகள் சேர்ந்த சென்னை மிஷனரி மாநாடு பறையர்களின் நிலைமை குறித்து அரசுக்கு மனு அனுப்பியது. அதே ஆண்டு செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் தம் ஜில்லாவின் பறையர்களைப் பற்றிய விரிவான குறிப்பை எழுதினார். குடிமனையில் உரிமை, தரிசு நிலம் பெறும் வாய்ப்பு, பள்ளி, கடன் கொத்தடிமையிலிருந்து விடுதலை ஆகியவற்றை அது பேசியது. வருவாய் வாரியம் தயங்கியது. அடிமைத்தனம் என்றே எதுவும் இல்லை என்று வாதிட்ட அதிகாரிகள் இருந்தார்கள். இறுதியில் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் வழி அதிலிருந்து தொடங்குகிறது. பின்னாளில் வகுத்த நிபந்தனைகளின்படி அந்த நிலத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது. அதன் பிறகும் அதே வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். இதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் ஒதுக்கப்பட்டது என்பது தலித் இயக்கங்கள் சொல்லும் கணக்கு. அதில் பெரும்பகுதி கைமாறிப் போனது. 1994இல் மாமல்லபுரம் பக்கம் காரணை கிராமத்தில் அந்த நிலத்தை மீட்கப் போராடியவர்கள்மீது அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள்.

மிஷனரிகளால்தான் பஞ்சமி நிலம் கிடைத்தது என்று சில கிறிஸ்தவ நூல்கள் எழுதுகின்றன. அப்படிச் சொல்வது நியாயமல்ல. அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைத் தொடங்கியது அதே 1891இல். செங்கல்பட்டு ஜில்லாவின் மதுராந்தகம் பகுதியில் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார்; 1893இல் ‘பறையன்’ இதழையும் கொண்டுவந்தார். தமக்காகத் தாமே மனு எழுதும் மன்றங்கள் அவை. மெதடிஸ்ட் சினாடோ இன்னும் பிறருக்காகப் பேசும் மன்றமாகத்தான் இருந்தது. பணமும் நியமன அதிகாரமும் ஐரோப்பிய மிஷனரிகள் கையில் இருந்தவரை வேறெப்படியும் இருந்திருக்க முடியாது. இருந்தும் அதற்கொரு தனிப் பலம் உண்டு. ஈக்காட்டுப் பக்கத்து உபதேசியார் சொன்ன செய்தி சர்க்யூட்டுக்குப் போய், சினாட்டுக்குப் போய், லண்டன் மிஷன் இல்லத்தின் மேசைக்குப் போகும் பாதை ஒன்று எழுத்தில் திறந்திருந்தது. அந்தப் பாதை இல்லாதிருந்தால் லன் எழுப்பிய புயலுக்கும் கௌடியின் வாதத்துக்கும் நிற்க இடம் கிடைத்திருக்காது.

இந்த மன்றத்தின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் முடிவு, அது தன்னையே முடித்துக்கொண்டதுதான். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் ஆங்கிலிக்கன் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலிய 33 பேர் கூடி, பிளவுபட்ட சபைகள் ஒன்றாக வேண்டும் என்ற அறிக்கையை வெளியிட்டார்கள். ஆங்கிலிக்கன்களும் தென்னிந்திய ஐக்கிய சபையும் தொடங்கிய பேச்சுவார்த்தையில் வெஸ்லியன்கள் 1925இல் சேர்ந்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளும் பேராயர் பதவி வேண்டுமா, பேராயரின் கை பெறாத போதகரின் திருவிருந்து செல்லுமா என்ற கேள்விகளில் கழிந்தன. வெஸ்லியன் மெதடிஸ்டுகளுக்குப் பேராயர்கள் கிடையாது. சினாட்டின் தலைவர்தான் உண்டு. தங்கள் முன்னோர் ஆங்கிலிக்கன் கட்டமைப்புக்கு வெளியே கட்டி எழுப்பிய ஒழுங்கை இப்போது பேராயர் ஆளுகைக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்றால் தயக்கம் இயல்பே. ஆனாலும் தென்னிந்திய மாகாண சினாடு 1943இல் ஐக்கியத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. ஆங்கிலிக்கன் பொது மன்றம் 1945இல், ஐக்கிய சபை 1946இல் பின்தொடர்ந்தன. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது அருளுரை ஆற்றியவர் மெதடிஸ்டான ஜே. எஸ். எம். ஹூப்பர். காஞ்சிபுரத்தைச் சுற்றிய கிராமங்களில் ஸ்காட்லாந்து மிஷனரியாக இருந்த லெஸ்லி நியூபிகின் அன்று மதுரை–இராமநாதபுரம் பேராயராக அபிஷேகம் பெற்றார். பின்னர் 1965 முதல் 1974 வரை சென்னையின் பேராயராக இருந்தார்.

எல்லா மெதடிஸ்டுகளும் சேரவில்லை. அமெரிக்க வழியில் வந்தவர்கள் தனியே நின்று, 1981இல் இந்திய மெதடிஸ்ட் சபையாகத் தன்னாட்சி பெற்றார்கள். வட்டார மாநாடுகள் வழியாக இன்றும் இயங்குகிறார்கள். இலங்கையில் 1964இல் தனி மாநாடு அமைந்தது.

ஐக்கியத்தில் மெதடிஸ்ட் ஒழுங்கு காணாமல் போகவில்லை. குருசேகரக் கமிட்டி, பேராய மன்றம், சினாடு என்ற அடுக்கில் குருமாரோடு தேர்ந்தெடுக்கப்பட்ட பொதுமக்களும் அமர்கிறார்கள். சட்டவிதிகளில் முக்கியமான திருத்தம் செய்ய சினாட்டின் வாக்கு மட்டும் போதாது; மூன்றில் இரண்டு பங்கு பேராய மன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். பேராயர்களின் ஓய்வு வயதை உயர்த்தும் திருத்தம் இந்த விதியில்தான் முட்டிக்கொண்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரலில் சினாட்டு நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நீதிமன்றம் நியமித்தது. பிறகு விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. சபையை நேசிப்பவர்களுக்கு இது வலி. ஆனால் கீழ்மன்றங்களைக் கேட்காமல் மேல்மன்றம் முடிவெடுக்கக் கூடாது என்பது வெளியிலிருந்து வந்த விதி அல்ல, சபையே தனக்கு எழுதிக்கொண்ட விதி. அதைக் காக்க உறுப்பினர்கள் நீதிமன்றம்வரை போனதில் எனக்கு வெட்கம் இல்லை. தேர்தல் செலவும் சொத்துச் சண்டையும் மன்றங்களின் நேரத்தைத் தின்றுவிட்டு, உறுப்பினர் எத்தனை பேர், ஏன் குறைந்தார்கள், அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்ற பழைய கேள்விகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டதே என்பதுதான் வருத்தம்.

சுங்குவார்சத்திரத்தில் இந்தக் கேள்விகளுக்கு இப்போது அவசரம் கூடியிருக்கிறது. 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோயுற்ற தங்கள் தோழிகளுக்காக ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். 2024 செப்டம்பர் 9 அன்று சாம்சங் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் நடுப்பகுதிவரை நீண்டது. கூலி உயர்வு, வேலைநேரம் ஆகியவற்றோடு தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பதும் கோரிக்கை. 2025 ஜனவரி 27 அன்று சங்கம் பதிவு பெற்றது. மெதடிஸ்ட் மரபுக்கு இது அந்நியமான போராட்டம் அல்ல. 1834இல் இங்கிலாந்தின் டால்பட்டில் கிராமத்தில் சங்கம் சேர்ந்ததற்காக நாடுகடத்தப்பட்ட ஆறு விவசாயத் தொழிலாளர்களில் ஐந்து பேர் மெதடிஸ்டுகள். தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ் வெஸ்லியன் சபையின் பிரசங்கியார். கூட்டத்தில் எழுந்து பேசவும் சந்தா வசூலிக்கவும் குறிப்பெழுதவும் அவர்கள் பழகிய இடம் சபைதான்.

இந்தத் தொழிற்பட்டையின் விடுதிகளில் தங்கி ஷிப்ட் வேலைக்குப் போகும் இளம்பெண்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் சபைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் பெயர் சொந்த ஊர்ச் சபையின் பதிவேட்டில் இருக்கிறது. திடப்படுத்தல் பெற்று, சந்தா செலுத்தி, பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கே சபையில் வாக்கு. ஞாயிறு ஷிப்ட், ஒப்பந்தம் முடிந்தால் இடமாற்றம், மாதக்கணக்கில் மட்டும் விடுதி வாசம் என்று வாழும் ஒரு பெண் சென்னைப் பேராயத்தின் எந்தக் குருசேகரத்திலும் வாக்காளர் ஆவதில்லை. அவள் பெயர் இருக்கும் ஊரின் கமிட்டியோ அவள் வேலைநேரத்தையும் விடுதிச் சாப்பாட்டையும் விசாரிக்கும் தூரத்தில் இல்லை. கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளர்களைப் போல இவர்களும் பங்கு எல்லைகளுக்கு வெளியே நிற்பவர்கள்.

இதற்குப் புதிய இறையியல் தேவையில்லை. வேலை செய்யும் இடத்தை வைத்து ஒரு சர்க்யூட்டைப் பதிவுசெய்வதும், சொந்த ஊர்ப் பதிவை இழக்காமலே இங்கும் வாக்களிக்க விடுவதும், விடுதி விடுதியாகப் பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவரை அவர்களே தேர்ந்தெடுப்பதும், அந்தத் தலைவர்களில் சிலருக்குப் பேராய மன்றத்தில் இருக்கை தருவதும் விதித் திருத்தங்கள்தான். அவற்றைச் செய்ய மன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம்வரை உள்ள குருசேகரங்கள் சேர்ந்து அடுத்த பேராய மன்றத்துக்கு இப்படியொரு தீர்மானத்தை அனுப்பலாம். முன்மொழிபவர் ஷிப்ட் முடிந்து வந்த ஒரு தொழிலாளியாக இருக்க வேண்டும்.